திருவண்ணாமலையில் இறக்கிவைத்த சுமை

'சபர்' என்ற சொல்லுக்கு எங்கள் பரங்கிப்பேட்டை வீடுகளில் தனி மதிப்பு உண்டு. கடல் கடந்து பொருள் தேடச் சென்றவரைச் 'சபராளி' என்று அழைத்துப் பழகியவர்கள் நாங்கள். என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனபோது, அவர் கையில் இருந்தது ஒரே ஒரு தகரப் பெட்டி. திரும்பி வந்தபோது எத்தனை பெட்டிகள் வந்தன என்பதைத்தான் எங்கள் பாட்டியார் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரயாணத்தின் சிறப்பைப் பெட்டிகளின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் அன்றே எங்கள் இரத்தத்தில் ஊறிவிட்டது போலும்.

கப்பலிலும் இரயிலிலும் பேருந்திலும் இந்த வழக்கத்தால் பெரிய கேடு ஒன்றும் விளைவதில்லை. சுமப்பது வேறொன்று, நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். மோட்டார் சைக்கிள் அப்படிப்பட்டதன்று. அதில் நாம் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வளைவிலும் பிரேக்கிலும் நம்மிடம் கணக்குக் கேட்கிறது. அறுபத்திரண்டு வயதில், திருவண்ணாமலை மலையடிவாரத்தில், ஒரு பட்டறை வாசலில் கோணிச் சாக்கை விரித்து அமர்ந்து நான் கற்றுக்கொண்ட பாடம் இது. பெருநாளுக்கும் நிக்காஹுக்கும் மோட்டார் சைக்கிளிலேயே ஊர் வரும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் நிறையப் பேர் இருப்பதால், அந்தப் பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கட்டிய கோலம்

என் தங்கையின் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. நான் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தேன். கோடை விடுமுறை முடியும் தறுவாய். இரயிலில் இடமில்லை, பேருந்தில் கிடைத்த இரண்டு இருக்கைகளில் மருமகளையும் பேத்தியையும் முன்னதாக அனுப்பிவைத்தோம். "வாப்பா, நாம ரெண்டு பேரும் வண்டியிலேயே போயிடலாம். வழியெல்லாம் நல்ல ரோடு" என்றான் மகன். ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை. அங்கிருந்து திருக்கோவிலூர், பண்ருட்டி, கடலூர் வழியாகப் பரங்கிப்பேட்டை. ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இளமையில் மொபெட்டில் சிதம்பரம் வரை போய்வந்ததற்கு மேல் எனக்கு அனுபவமில்லை. ஆயினும் ஆசை யாரை விட்டது?

பேருந்தில் சென்றவர்கள் கையில் கொள்ளாத சாமான்கள் எல்லாம் எங்கள் தலையில் வந்து சேர்ந்தன. மணமகளுக்கான குக்கர் ஒன்று. தங்கைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் எடுத்த சேலைகள் ஒரு பெட்டி. இனிப்பு நான்கு பொட்டலம். காப்பித்தூள் இரண்டு கிலோ. இருவருடைய உடுப்புகள் ஒரு சூட்கேஸ். பிறரைக் குறை சொல்வானேன்? என் பங்காக ஒரு பெரிய பிளாஸ்க், பழைய பத்திரங்கள் அடங்கிய கோப்பு, இரண்டு தடித்த புத்தகங்கள், இவையெல்லாம் போதாதென்று என் தலையணையும் சேர்ந்தன. வேறு தலையணையில் எனக்குத் தூக்கம் வராது.

சூட்கேஸைப் பின் கேரியரில் கிடத்தி, அதன்மேல் சேலைப் பெட்டியும் அதன்மேல் குக்கரும் வைத்து, கொக்கி போட்ட ரப்பர் கயிறுகளாலும் ஒரு நைலான் கயிற்றாலும் இறுக்கினோம். இனிப்பும் காப்பித்தூளும் வலப்பக்கம் ஒரு பையில் தொங்கின. தலையணை எனக்கு முதுகுச் சாய்மானமாயிற்று. ஸுபுஹுத் தொழுகையை முடித்துப் பிரயாண துஆவை ஓதிப் புறப்பட்டோம். பார்ப்பதற்குச் சந்தைக்குப் போகும் வண்டிபோல் இருந்திருக்கும். எங்களுக்கோ தேர்போல் தோன்றிற்று.

செங்கம் வளைவில்

கிருஷ்ணகிரி வரை அகன்ற நெடுஞ்சாலை. நேர்ப்பாதையில் சுமை தன் குணத்தைக் காட்டவில்லை. ஊத்தங்கரை தாண்டிச் சிங்காரப்பேட்டையைக் கடந்ததும் காட்சி மாறுகிறது. இடப்புறம் ஜவ்வாது மலைத்தொடர். சாலை மேடும் பள்ளமுமாய் வளைந்து வளைந்து செங்கத்தை நோக்கி இறங்குகிறது. ஒரு வளைவில் எதிரே லாரி ஒன்று வரவே, மகன் பிரேக்கை அழுத்தினான். வண்டியின் முன்சக்கரம் தரையில் பதியாததுபோல் கைப்பிடி இடமும் வலமுமாய் உதறிற்று. அதே நொடியில் மேலிருந்த குக்கர் பெட்டி வலப்புறம் சரிந்தது. தளர்ந்த நைலான் கயிற்றின் நுனி பின்சக்கரத்தில் சிக்கிச் செயினில் சுற்றிக்கொண்டது.

லாரி கடந்து போன பிறகே எங்கள் வண்டி நின்றது. நின்ற இடம் சாலையோரப் புளியமரத்திலிருந்து இரண்டு முழத் தூரம். எல்லாம் வல்ல அல்லாஹ்வின் கருணையால் இருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. வயலில் நின்ற இருவர் ஓடிவந்து வண்டியைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒருவர் அரிவாளால் கயிற்றை அறுத்தெடுத்தார். செயின் கவர் நசுங்கியிருந்தது. மகன் ஒன்றும் பேசவில்லை. அவன் கைகள் நடுங்குவதைக் கண்டேன். என் கைகளை அவன் பார்க்காதபடி பின்னால் கட்டிக்கொண்டேன்.

மெல்ல உருட்டியும் ஓட்டியும் செங்கத்தை அடைந்து தேநீர் குடித்தோம். அங்கே உட்கார்ந்திருக்கையில் ஒரு நினைவு வந்தது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து தமிழகச் சமவெளிக்கு இறங்கும் முக்கிய வழிகளில் ஒன்று இந்தச் செங்கம் கணவாய். 1767 செப்டம்பர் 3ஆம் நாள் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்த படையை ஆங்கிலேயத் தளபதி ஜோசப் ஸ்மித் இங்குதான் எதிர்த்து நின்றார். அந்தப் போரில் ஸ்மித்தின் கை ஓங்கியது. ஓங்கியும் என்ன? அவர் முன்னேறவில்லை, உணவுப்பொருளும் துணைப்படையும் தேடித் திருவண்ணாமலைக்குத்தான் பின்வாங்கினார். பெரிய குதிரைப்படை வைத்திருந்த ஹைதர், எதிரியின் வாளைவிட அவன் வண்டிகளையும் தானியத்தையும் குறிவைப்பதில் வல்லவர். 1780 ஜூலையில் அவர் மீண்டும் பெரும்படையோடு இறங்கி வந்ததும் இதே கணவாய் வழியாகத்தான். அடுத்த ஆண்டு, 1781 ஜூலை 1 அன்று, எங்கள் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயரோடு பொருதினார். தளபதி அயர் கூட்டின் படை அங்கே வெற்றி பெற்றது என்றாலும், அதுவும் கடல்வழியாக வரும் உணவை நம்பியே நாளைக் கழித்த படை. எதைச் சுமப்பது, எப்படிச் சுமப்பது என்ற கேள்வி படைகளையே ஆட்டிப் படைத்த சாலை அது. எங்கள் குக்கர் எம்மாத்திரம்!

மலையடிவாரத்துப் பட்டறை

செங்கத்திலிருந்து கிழக்கே வரும்போது வெகுதொலைவிலேயே திருவண்ணாமலையின் மலை கண்ணில் படுகிறது. சுற்றிலும் சமவெளி, நடுவில் 2,600 அடிக்கு மேல் எழுந்து நிற்கும் தனிமலை. அதன் கீழ்ப்புறத்தில் அருணாசலேசுவரர் ஆலயத்தின் கோபுரங்கள். கிழக்கு இராஜகோபுரம் மட்டும் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்டது. வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வரும் சாலைகள் கூடும் ஊர் ஆகையால், எந்நேரமும் வெளியூர் வண்டிகளுக்குக் குறைவில்லை. அன்றோ பௌர்ணமி. ஊருக்குள் நுழையும்போதே வாகனங்கள் எறும்பு வரிசையாய் ஊர்ந்தன.

சாலையோர வேப்பமரத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. மெக்கானிக் என் வயதினர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாய், வண்டி மேல குத்தம் இல்ல. கட்டுனவங்க மேலதான் குத்தம்" என்றார். செயின் கவரும் வேறொரு சிறு பாகமும் மாற்ற வேண்டும், மறுநாள் காலையில்தான் கிடைக்கும் என்றவர், கோணிச் சாக்கு ஒன்றை விரித்து, "எல்லாத்தையும் இதுல இறக்குங்க" என்றார்.

பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் தராசு இருந்தது. முதலில் சாமான்களை நிறுத்தார்: 31 கிலோ. பிறகு எங்களையும் ஏறி நிற்கச் சொன்னார். நான் 68, மகன் 74. ஆக மொத்தம் 173 கிலோ. வண்டியோடு வந்த கையேட்டை மகனிடம் கேட்டு வாங்கி ஒரு பக்கத்தைக் காட்டினார். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், சாமான் ஆகிய மூன்றும் சேர்ந்து 150 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது. ஐந்து ஆண்டுகளாக வண்டி வைத்திருக்கும் என் மகன் அந்தப் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். "உங்க ரெண்டு பேர் எடை போக எட்டுக் கிலோதான் மிச்சம், பாய். அந்த எட்டுக் கிலோவுல என்ன வேணுமோ எடுத்துக்குங்க" என்றார்.

வண்டி ஏன் உதறிற்று என்பதையும் அவர் எளிமையாக விளக்கினார். பின்சக்கரத்தின் அச்சுக்கு அப்பால், கேரியரில் வைக்கும் எடை ஏற்றப்பலகைபோல் வேலை செய்கிறது. பின்புறம் தாழத் தாழ முன்புறம் தூக்கும். முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடித்தால்தான் திருப்பவும் நிறுத்தவும் முடியும். எடை உயரத்தில் இருந்தால், வளைவில் சாயும்போது அதுவும் சேர்ந்து கவிழ்க்கப் பார்க்கும். ஒரே பக்கம் தொங்கினால், கைப்பிடி எப்போதும் அந்தப் பக்கம் இழுக்கும். எங்கள் வண்டியில் இந்த மூன்று குற்றங்களும் ஒருசேர இருந்தன. போதாக்குறைக்கு, பின்புறம் தாழ்ந்ததால் முகப்பு விளக்கு மேல்நோக்கி எழுந்துவிடும். இரவில் அது எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். அவர் தடுமாறினால் அந்தப் பாவத்திலும் நமக்குப் பங்குண்டு.

லுஹரையும் அஸரையும் பக்கத்துப் பள்ளிவாசலில் சேர்த்துத் தொழுதுவிட்டு வந்தோம். முஸாபிருக்குத் தொழுகையையே சுருக்கியும் சேர்த்தும் தொழச் சலுகை தந்திருக்கிறது நம் மார்க்கம். கடமையின் பளுவையே குறைத்துக்கொள்ள அனுமதி பெற்றவன், காப்பித்தூளின் பளுவைக் குறைக்க மனமில்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய முரண் என்ற எண்ணம் திரும்பி நடக்கையில் எனக்கு எழுந்தது.

எட்டுக் கிலோவின் கணக்கு

அன்று மாலை எங்கள் சாமான்களை மூன்று குவியலாகப் பிரித்தோம். இல்லாவிட்டால் உயிருக்கோ பிரயாணத்துக்கோ இடையூறு நேரும் என்பவை முதற்குவியல். பார்சலில் அனுப்பினாலும் நாளையோ மறுநாளோ வந்துசேரும் என்பவை இரண்டாவது. வீட்டிலேயே விட்டிருக்க வேண்டியவை மூன்றாவது. மூன்றாங் குவியலில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை என்னுடையவை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், முதற்குவியலில் இருக்க வேண்டியவற்றில் பாதி எங்களிடம் இல்லவேயில்லை. ஸ்பார்க் பிளக் இல்லை, கிளட்ச் கேபிள் இல்லை, பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லை, மழைக்கோட்டு இல்லை, குடிநீர்கூட ஒரே ஒரு பாட்டில். 31 கிலோ சுமந்து வந்தும் தேவையானது கையில் இல்லாத ஏழைகளாக இருந்தோம். குறைந்தவற்றை அங்கேயே வாங்கி நிறுத்துப் பார்த்தோம். கருவிகள், பிளக், கேபிள்கள், பஞ்சர் சாமான், ஃபியூஸ், சிறு டார்ச் எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. இருவருக்கும் மழைக்கோட்டு ஒன்றரை. ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பும் கைலியும் துண்டும் இரண்டு. தண்ணீர் இரண்டு. மருந்து, பேரீச்சம்பழம், மெல்லிய முஸல்லா, காகிதங்கள் ஒன்று. சரியாக எட்டுக் கிலோ!

கட்டும் முறையையும் மெக்கானிக் செய்துகாட்டினார். இரண்டு பக்கப் பைகள், இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை. கனமானவை பையின் அடியில், பின்சக்கர அச்சுக்கு முன்னால் வரும்படி. துணிகள் முதலில் பிளாஸ்டிக் உறையில், பிறகு பையில். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, எடுத்த எடுப்பில் கைக்கு வரும்படி. சைலன்சருக்கும் பைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. இல்லாவிட்டால் பை கருகும். கொக்கி போட்ட ரப்பர் கயிற்றை அவர் ஏற்கவில்லை. இழுக்கும்போது நழுவினால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும், வளைவில் இழுபட்டு நீளும் என்றார். பட்டையான வார்களே நல்லவை. அவற்றின் நுனியை மடித்துச் செருக வேண்டும், தொங்கவிடக் கூடாது. கட்டி முடித்தபின் மூட்டையைப் பிடித்து உலுக்கினால் வண்டிதான் ஆட வேண்டும், மூட்டை ஆடக் கூடாது. பத்துக் கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். முதல் குலுக்கலில் எந்தக் கட்டும் கொஞ்சம் தளரும்.

அடுத்தது டயர்க் காற்று. ஒருவர் போவதற்கும் இருவர் சுமையோடு போவதற்கும் பின்டயரின் காற்றளவு வேறு. எவ்வளவு என்பது பெரும்பாலான வண்டிகளில் ஸ்டிக்கராகவே ஒட்டப்பட்டிருக்கும். புறப்படுமுன், டயர் சூடேறாத நிலையில் அதைச் சரிபார்க்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தையும் சுமைக்கேற்பக் கூட்டலாம். செயினின் தளர்ச்சி, பிரேக் விளக்கு, ஹாரன் ஆகியவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்டியவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். துஆவை ஓதிவிட்டுக் கயிற்றை அரைகுறையாகக் கட்டிப் புறப்பட்ட எனக்கு, அதன் பொருளை நினைவூட்டியவர் மாற்றுமதச் சகோதரர் ஒருவர். அவர் அந்த ஹதீஸை அறிந்தவரல்லர். ஆனால் அதன்படி வேலை செய்பவர்.

பௌர்ணமி இரவு

லாட்ஜுகள் நிரம்பிவிட்டன. இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசலில் இருந்தவர்கள் எங்கள் நிலையறிந்து மாடி அறையொன்றில் தங்க இடம் தந்தார்கள். தலையணை மூன்றாங் குவியலில் இருந்ததால் தூக்கம் வரவில்லை. மகனோடு தெருவில் சிறிது தூரம் நடந்தேன்.

மலையைச் சுற்றிச் செல்லும் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கான மக்கள் இரவெல்லாம் அதில் நடக்கிறார்கள். அது அவர்களுடைய வழிபாடு. அதைப் பற்றிச் சொல்ல நான் வரவில்லை. என் கண்ணில் பட்டது அவர்களுடைய கைகள். பெரும்பாலோர் வெறுங்கால், வெறுங்கை. ஒருவர் தோளில் தூங்கும் குழந்தை. ஒரு மூதாட்டியின் முந்தானையில் முடிந்த சில்லறை. ஓர் இளைஞன் கையில் தண்ணீர்ப் பாட்டில். எத்தனையோ ஊர்களிலிருந்து வந்தவர்கள், நடக்கத் தொடங்குமுன் எல்லாவற்றையும் எங்கோ இறக்கிவைத்துவிட்டார்கள்.

"நம்ம ஹஜ்ஜும் அப்படித்தானே, வாப்பா?" என்றான் மகன். உண்மைதான். செல்வரும் ஏழையும் தைக்காத இரண்டு துணிகளோடு இஹ்ராம் கட்டும் சமுதாயம் நாம். அரஃபாத் பெருவெளியில் எவரும் பெட்டிகளை எண்ணுவதில்லை. அத்தகைய பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு நிக்காஹுக்குப் போகும்போது கௌரவத்தை மூட்டையாகக் கட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறோம். அந்த மூட்டைதான் செங்கம் வளைவில் என் மகனை என்னிடமிருந்து பறிக்கப் பார்த்தது.

பெண்மக்களுக்கு ஒரு சொல்

மறுநாள் காலை, 20 கிலோவுக்கு மேற்பட்ட சாமான்கள் பார்சல் அலுவலகத்தில் ஏறின. எட்டுக் கிலோவோடு நாங்கள் கிளம்பினோம். திருக்கோவிலூரில் தென்பெண்ணையைக் கடந்தபோது ஆற்றில் மணல்தான் தெரிந்தது. இதே ஆற்றில்தான் 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணை நீர் பெருக்கெடுத்தோடி ஊர்களை மூழ்கடித்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு உயிர்கள் போனதும் அதே மழையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் இவ்வழி வருவோர் மழைக்கோட்டோடு வானிலைச் செய்தியையும் கையில் வைத்திருப்பது நல்லது. மழை கொட்டினால் பிரயாணத்தையே ஒத்திப்போடுவது அதனினும் நல்லது.

பண்ருட்டியில் சாலையின் இருபுறமும் பலாப்பழம் மலைமலையாய்க் குவிந்திருந்தது. மகன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "எட்டுக் கிலோ" என்றேன். சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினான். அப்படிப் பலாப்பழம் வாங்காமல் பண்ருட்டியைக் கடந்தது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை.

பு.முட்லூரில் திரும்பிப் பரங்கிப்பேட்டையை நெருங்க நெருங்க, என் தங்கையின் நினைவே மேலோங்கியது. பல ஆண்டுகளுக்கு முன் அவள் கணவரின் மொபெட்டில் பின்னால் அமர்ந்து சென்றபோது, பர்தாவின் விளிம்பு பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அவளைத் தரையில் இழுத்துப் போட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. அன்று முதல் இன்றுவரை ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள்.

ஆகவே சகோதரிகளே, இந்த ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். பின்சக்கரத்தில் பாதியளவேனும் மறைக்கும் தடுப்பு, பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கப் படி ஆகிய மூன்றும் மோட்டார் வாகன விதிகளிலேயே கட்டாயமாக்கப்பட்டவை. அந்தத் தடுப்பைத்தான் கடைகளில் 'சாரி கார்டு' என்கிறார்கள். அழகுக்குக் குறைவென்று அதைக் கழற்றி வீசும் இளைஞர்கள் உண்டு. வீட்டுப் பெண்களை ஏற்றும் வண்டியில் அதைக் கழற்ற விடாதீர்கள். அமர்ந்ததும் பர்தாவின் விளிம்பையும் துப்பட்டாவையும் ஒன்றுசேர்த்து மடியில் சுருட்டி, தொடைக்கடியில் செருகிக்கொள்ளுங்கள். தோளில் மாட்டும் பையின் வாரும் அப்படியே. ஓட்டுபவர், "துணியெல்லாம் சரிதானா?" என்று கேட்டு, பதில் வந்தபிறகே வண்டியை நகர்த்த வேண்டும்.

ஹெல்மெட் ஓட்டுபவருக்கு மட்டுமே உரியதென்ற எண்ணமும் நம்மிடையே இருக்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் அணிய வேண்டும் என்பதே சட்டம். 2022ஆம் ஆண்டில் மட்டும் ஹெல்மெட் அணியாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை கூறுகிறது. அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளை ஏற்றினால், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரும், குழந்தைக்கேற்ற ஹெல்மெட்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நெடுந்தொலைவுக்கோ, குழந்தைகளைப் பேருந்திலோ இரயிலிலோ அனுப்புவதே என் கருத்து.

இன்னொன்று: எடையே இல்லாத ஒரு பொருளை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வைத்து அனுப்புங்கள். பெயர், இரத்தப் பிரிவு, உட்கொள்ளும் மருந்துகள், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. கைப்பேசி பூட்டியிருக்கும், சீட்டு பேசும். தமிழகத்துச் சாலையில் விபத்து நேர்ந்தால் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டமும் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு ஆகியவற்றை டிஜிலாக்கரில் வைத்திருந்தாலும், ஒரு நகலைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்வது நன்று.

பரங்கிப்பேட்டையில்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லுஹர் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. நிக்காஹ் வீட்டு வாசலில் பந்தல், உறவினர் கூட்டம். வெறுங்கையோடு தாய்மாமன் வந்து இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள் என்றே எனக்குப் பட்டது. சற்றே கூசினேன். தங்கை காலைச் சாய்த்தபடி வேகமாக வந்தாள். முதலில் என் மகனின் தலையைப் பார்த்தாள். பிறகு என் தலையை. இருவரும் ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தோம்.

"சாமானெல்லாம் பார்சலில் வருதும்மா. நாளைக்கு வந்துடும்" என்றேன், குற்றவாளியைப்போல்.

"சாமான் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும் நானா. நீங்க ரெண்டு பேரும் வந்துட்டீங்கல்ல" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செங்கத்தில் நடந்ததை நாங்கள் அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய நிலையும் இல்லை.

குக்கர் மறுநாள் மாலை வந்தது. சேலைகளும் வந்தன. நிக்காஹ் சிறப்பாக நடந்தேறியது, அல்ஹம்துலில்லாஹ்.

ஊருக்கு வரும் பிள்ளைகளிடம் "என்ன கொண்டு வருகிறாய்?" என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. அன்பினால் கேட்பதுதான். ஆனால் மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளையின் காதில் அது எட்டுக் கிலோவை முப்பத்தொரு கிலோவாக்கும் கட்டளையாக விழுகிறது. அந்தக் கேள்வியை நம் வீடுகளில் கொஞ்சம் மாற்றிக்கொள்வோமாக. "எதையும் கொண்டு வராதே, நீ வந்து சேர்" என்று சொல்வோமாக. பிள்ளைகள் சுமை குறைந்து, பத்திரமாக வாசலில் வந்து இறங்குவார்கள், இன்ஷா அல்லாஹ்.